துவக்கு வரியும் என் சைக்கிளும்

ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரின் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டும் மணியும் வைத்த புதுக் கதவு ஒன்று தேவைப்பட்டது. அதற்குக் காசு எங்கே என்று தேடிய நகரசபை, குறிபார்த்துச் சுட வீட்டில் துவக்கு வைத்திருக்கிறவர்களிடம் வரி வாங்கலாம் என்று யோசனை சொன்னது.

ஊரில் துவக்குச் சுடும் கழகம் ஒன்று உண்டு. அதன் தலைவர் என் பக்கத்து வீட்டுக்காரர். ஒன்பது துவக்கு வைத்திருக்கிறார். ஆனால் தன் கீரையில் ஏறும் நத்தையைக்கூடக் கொல்லமாட்டார். எடுத்து வேலிக்கு மேலால் என் பக்கம் விடுவார்.

வரி என்றதும் மனிதர் கொதித்துப்போனார். "கதவு எதுக்கு? நாங்களே காவலுக்கு நிக்கிறம்" என்றார். துவக்கோடு நிற்கச் சட்டம் விடாது. கழகச் சீருடையில் வெறுங்கையோடு ஒரு வாரம் நின்று பார்க்கட்டும் என்று தலைமையாசிரியை தலையாட்டிவிட்டார். அந்த வாரம் நல்லபடி போனால் வரியும் இல்லை, கதவும் இல்லை என்றது நகரசபை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை மகளைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வளைவு திரும்பினால் வாசலில் பச்சைக் கோட்டு, நெஞ்சு நிறையப் பதக்கம், தொப்பியில் இறகு. பக்கத்து வீட்டுக்காரர்தான். முதல்நாள் அவரோடு இருந்து இறைச்சி வாட்டிச் சாப்பிட்டவன் நான். ஆனாலும் என் கால் என்னைக் கேட்கவில்லை. தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை உருட்டத் தொடங்கிவிட்டேன். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றினேன். கை தானாகப் போய் அடையாள அட்டையை எடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரரின் சென்றி என்ற காவலரணைக் கடப்பது அப்படித்தான். அங்கே நான் படித்த பள்ளிக்கூட வாசலிலும் ஒரு சென்றி இருந்தது.

மனிதர் பகிடி என்று நினைத்து, அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, சல்யூட் அடித்துத் திருப்பித் தந்தார். பின்னால் பார்த்தால் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் சைக்கிளால் இறங்கி நின்று கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார். வரிசையைக் கண்டால் ஜேர்மன்காரர் விடுவார்களா? அக்காவுக்குப் பின்னால் இரண்டு ஜேர்மன் தாய்மார் ஆளுக்கொரு அட்டையோடு வந்து நின்றார்கள். தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது.

மகள்தான் எல்லார் கையிலும் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து அழத் தொடங்கினாள். "அப்பா, என்னட்டை அவுஸ்வைஸ் இல்லை. என்னை உள்ளுக்கு விடுவினமோ?"

அவள் வாயால் கேட்கவே கூடாத கேள்வி அது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரம் வேலிக்கரையில் நின்று அவருக்குச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆமிக்காரரும் எங்களைக் காக்கத்தான் நிற்பதாகச் சொன்னார்கள், நாங்கள் பயந்ததே அவர்களுக்குத்தான் என்றேன். அவர் கையில் ஒரு நத்தையை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் அதைத் தன் கீரைக்குள்ளேயே விட்டார்.

"ஒன்பது துவக்குக்கும் வரியைக் கட்டிறன்," என்றார். "நீ இனிச் சைக்கிளால இறங்காதை."