ஃபிலிம் டப்பாவில் மூன்று மிட்டாய்

என் பெரியப்பாவின் சட்டைப் பையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பெரியம்மா அதைப் பெட்டிக்கடை என்பாள். அம்மா தர்மாஸ்பத்திரி என்பாள். எதுவும் சொல்லாத ஒரே ஆள் என் அப்பா. தம்பி என்கிற மரியாதை காரணம். ஆனால் அண்ணன் குனியும்போதெல்லாம் அந்தப் பையிலிருந்து ஏதாவது விழுமா என்று அவரும் ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

தெலுங்கும் இந்தியும் பேசும் ஏ.எஸ்.ராவ் நகரில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் நாங்கள் இரண்டாவது மாடி, பெரியப்பா வீடு நான்காவது மாடி. அவர் பக்கத்தில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சட்டைப் பைக்குள் பழுப்பு நிற ரெக்ஸின் பை ஒன்று வைத்திருப்பார். அதற்குள் பென்சில் அளவில் ஒரு டார்ச், ஒரு விசில், ஊக்கு நாலைந்து, அட்டையில் சுற்றிய நூலும் ஊசியும், காயத்துக்குப் பிளாஸ்திரி, நகவெட்டி, ரத்த வகையும் வீட்டு முகவரியும் எழுதிய காகிதம், ‘தலைவலி’ என்று எழுதி மடித்த மாத்திரைப் பொட்டலம் எல்லாம் இருக்கும். அப்புறம் கேமரா ஃபிலிம் வருமே, அந்த உருண்டை டப்பா ஒன்று. அதற்குள் மூன்று எலுமிச்சை மிட்டாய்.

தினமும் காலையில் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்பவர்கள் இந்தப் பையை வாங்கி வைத்துக்கொண்டு அடையாளத்துக்கு எண் போட்ட வில்லை ஒன்று கொடுப்பார்களாம். டார்ச்சும் விசிலும் உள்ளே போகக் கூடாது. மாலையில் வில்லையைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு, எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். செல்போனுக்கும் உள்ளே அனுமதி இல்லை என்பதால் அவர் அதை வாங்கவே இல்லை. என்ன அவசரம் வந்துவிடப் போகிறது என்று பெரியம்மா கேட்டால், “வாரப்பத் தெரியும்” என்பார். நானறிந்து எந்த அவசரமும் வந்ததில்லை. ஒருமுறை எங்கள் மாடியில் யாருக்கோ செருப்பு வார் அறுந்தபோது ஊக்கு கொடுத்தார். அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்.

மிட்டாய் விவகாரத்தில் என் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பெரியப்பா இனிப்பே தொட மாட்டார். பல் கூசும் என்பார். தீபாவளி அதிரசத்தைக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிற மனிதருக்கு எதற்கு மூன்று மிட்டாய்? ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. கேட்டால் தந்திருப்பாரோ என்னவோ, ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். “அது அவசரத்துக்கு” என்று சொல்லி, கடையில் வேறு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்ததைத் தின்றேன். ஆனால் டப்பாவில் இருந்ததன் மேல் ஆசை போகவில்லை.

அவருடைய மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைப் பெரியப்பா எனக்குத்தான் சொந்தம். கறிக்கடைக்கு இருவரும் போவோம். கறி எடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. வரிசையில் நின்று முறை வந்ததும் மேடை மேல் பாதி உடம்பு சாய்ந்து, இந்தப் பக்கம் வெட்டு, அந்தச் சவ்வை எடு என்று கையை நீட்டிச் சொல்ல வேண்டும். ஒருமுறை அப்படிச் சாய்ந்தபோது டார்ச் நழுவிக் குடல் சட்டிக்குள் விழுந்துவிட்டது. அதிலிருந்து கடைக்குள் போகும் முன் ரெக்ஸின் பையை என் கையில் கொடுத்து, பக்கத்து மளிகைக் கடைப் படியில் உட்காரவைத்துவிட்டுப் போவார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

திருட்டிலும் நான் ஒழுங்கானவள். டப்பாவை அவர் அவ்வப்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், திறக்க மாட்டார். லொடலொடவென்று சத்தம் வந்தால் போதும். எனவே பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் துண்டு கொண்டுவந்து, மிட்டாய் அளவுக்கு ஒடித்து, முன்பு தின்ற மிட்டாயின் மஞ்சள் காகிதத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் காது முறுக்கி உள்ளே போட்டேன். முதல் ஞாயிறு ஒன்று. அது பிடிபடவில்லை என்றதும் தைரியம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மீதி இரண்டையும் அதேபோல மாற்றி எடுத்துக்கொண்டேன். ஒன்றைப் பாதி சப்பி, சாயங்காலத்துக்கு வேண்டுமென்று மறுபடி காகிதத்தில் சுற்றி, முழுசாக இருந்ததோடு சேர்த்து என் கவுன் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் கறிக்கடையில் நல்ல கூட்டம். எட்டரைக்கு வீடு திரும்பி இட்லி சாப்பிட வேண்டியவர், பத்து மணி வரை வரிசையில் நின்றார். ஒரு கிலோ கறியோடு வெளியே வந்து பையை வாங்கி, டப்பாவை ஆட்டிப் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எப்போதும் பேசிக்கொண்டே நடப்பவர் அன்றைக்குப் பேசாமல் வந்தார். பசி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும்தான் பசி.

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியதும் கரண்ட் போயிற்று. எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் கிடையாது. இரும்புக் கதவு மூடிய அந்தப் பெட்டிக்குள் ஒரே இருட்டு. அவசர மணிக்கான பொத்தானை அமுக்கினால் அது சும்மா உள்ளே போய் வெளியே வந்தது.

“பயப்படாத பிள்ள, பெரியப்பா இருக்கேன்லா” என்றார். டார்ச் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது. எத்தனை வருஷக் காத்திருப்பு! கடைசியில் ஓர் அவசரம் வந்தேவிட்டது. டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு விசிலை எடுத்தார். மூன்று முறை ஊத வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி மூன்று முறை ஊத வேண்டும், அதுதான் உலகம் முழுக்க ஆபத்துக்கு அடையாளம் என்று விளக்கிவிட்டு ஊதினார்.

உலகம் முழுக்க எப்படியோ, எங்கள் கட்டடத்தில் அது குப்பை வண்டிக்காரரின் விசில். அவரும் வாசலில் நின்று அப்படித்தான் ஊதுவார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும் சத்தமும், குப்பைக் கூடையை வெளியே வைக்கும் சத்தமும், கதவு மூடும் சத்தமும் கேட்டன. மூன்றாவது மாடி அக்கா, “கச்ரா வாலா கிதர் ஹை?” என்று குப்பைக்காரரைத் தேடி மாடிப்படியில் கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியப்பா இன்னும் பலமாக ஊதினார். ஐந்தாவது மாடியிலும் ஒரு கூடை வந்து உட்கார்ந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விசில் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. டார்ச்சைத் திருப்பிப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல வேர்த்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். “அந்த டப்பாவ எடு பிள்ள” என்றார். குரல் குழறியது.

நான் எடுக்கவில்லை. அவரே துழாவி எடுத்தார். மூடியைத் திறக்க முடியாமல் இரண்டு முறை நழுவவிட்டுப் பல்லால் திறந்தார். முதல் காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக் கடித்தார். சாக்பீஸ் நொறுங்கிய சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. துப்பிவிட்டு அடுத்ததைப் பிரித்தார். அதையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூன்றாவதை அவர் பிரிக்கவில்லை.

அந்த நிமிஷத்திலும் என் கவலை எல்லாம் என் திருட்டைப் பற்றித்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிட்டாய் என் பையில், தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கரண்ட் வந்துவிட்டால் தப்பித்துவிடலாம். பிள்ளையாரே கரண்ட் வரட்டும், கரண்ட் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். தின்னக் கொடுக்க என்று பக்கத்தில் இருந்தது ஒரு கிலோ கறிதான், பச்சைக் கறியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

அப்போது அவர் என்னைப் பார்த்து, “என்னம்மா, பஸ் வந்துட்டா?” என்று கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டார். பெரியப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை என்பது புரிந்ததும் திருட்டு, அடி, அம்மா எல்லாம் மறந்துபோயிற்று. பையிலிருந்து பாதி மிட்டாயை எடுத்துக் காகிதம் பிய்ந்தும் பிய்யாமலும் அவர் வாயில் வைத்துத் திணித்தேன். கடித்தார். அடுத்ததையும் கொடுத்தேன். அதையும் கடித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசிலை எடுத்து, மூன்றும் இல்லை நாலும் இல்லை, மூச்சு உள்ளவரை ஊதினேன். ஊதிவிட்டு, “பெரியம்மா! பெரியம்மா!” என்று இரும்புக் கதவைக் காலால் உதைத்தேன்.

குப்பைக் கூடையோடு நான்காவது மாடியில் நின்றுகொண்டிருந்த பெரியம்மாவுக்கு அப்போதுதான் விசில் எங்கிருந்து வருகிறது என்று உறைத்திருக்கிறது. “ஏ பிள்ள! உள்ளயா இருக்க? பெரியப்பா எங்க?” என்று அவள் போட்ட சத்தத்தில் கட்டடமே கூடிவிட்டது. கார் கழுவிக்கொண்டிருந்த வாட்ச்மேன் மொட்டை மாடிக்கு ஓடி, அங்கே இருந்த லிஃப்ட் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். “ஒச்சேஸ்துந்தி சார், ஒச்சேஸ்துந்தி!” என்று மேலிருந்து கத்தினான். இதோ வந்துகொண்டிருக்கிறது என்று சொன்ன அந்தத் தெலுங்கைப்போல இனிமையான எதையும் நான் கேட்டதில்லை. லிஃப்ட் முழம் முழமாகக் கீழே இறங்கியது.

“யாருட்டி அழுதது?” என்று பக்கத்தில் குரல் கேட்டது. பெரியப்பா தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு வேர்வையும் சட்டையும் பாராமல் அழுதேன். இரண்டாவது சாக்பீஸையும் பிரிக்காத மூன்றாவதையும் அவர் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கீழே சிதறிய வெள்ளைத் தூளைக் காலால் தேய்த்துவிட்டார்.

கதவு திறந்தபோது மூன்றாவது மாடியில் ஏழெட்டு முகங்களும் வரிசையாகக் குப்பைக் கூடைகளும் எங்களை வரவேற்றன. “என்னங்க, இப்பிடி வேர்த்திருக்கிய?” என்றாள் பெரியம்மா.

“உள்ள ஒரே புழுக்கம். பிள்ள பயந்துட்டா. விசில் இருந்ததுனால பொழச்சோம்” என்றார்.

அன்றைக்கு அவர் எட்டு இட்லி சாப்பிட்டார். கறிக் குழம்பு வைப்பதற்குள் விசிலின் புகழ் தெருமுனை வரை போயிற்று. ஊருக்கு எல்லாம் போன் போட்டு அம்மா சொன்னாள். சிரித்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் மிட்டாயைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் நானும் ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது எங்களுக்குத் தெரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு, தொழிற்சாலை மருத்துவமனைச் சீட்டுக் கட்டு ஒன்றைப் பெரியம்மா அலமாரியில் கண்டெடுத்தாள். பதினோரு வருஷச் சீட்டுகள். பெரியம்மாவின் அப்பா சர்க்கரையால் காலை இழந்தவர். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கை கால் ஓடாது என்பதால் மாத்திரையைத் தலைவலி என்று எழுதி வைத்திருந்தார் மனிதர். சாப்பாடு தள்ளிப்போய்ச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் வாயில் போடத்தான் அந்த மிட்டாய். முதல் சீட்டு வந்த வருஷம்தான் சட்டைப் பை புடைக்கத் தொடங்கியதாம். இருபது சாமானுக்கு நடுவில் கிடக்கும் மூன்று மிட்டாயை யார் கேட்கப் போகிறார்கள்? சிரித்துவிட்டுப் போவார்கள். நாங்களும் சிரித்துவிட்டுத்தான் போனோம்.

லிஃப்ட் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். அடி விழும் என்று தயாராகப் போனேன். அவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“லிஃப்டுக்குள்ள நடந்தத யாருகிட்டயும் சொல்லிராத, என்ன? பெரியம்மாகிட்ட சொல்லவே கூடாது” என்றார்.

என்னால் நம்பவே முடியவில்லை. நான் திருடியதை மறைக்க இவர் என்னிடம் கெஞ்சுகிறாரே, இப்படியும் ஒரு நல்ல மனிதர் உண்டா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

“சத்தியமா சொல்ல மாட்டேன் பெரியப்பா” என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார். நான்தான் பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவள், இவர் எதற்கு இப்படி மூச்சு விடுகிறார் என்று யோசித்துக்கொண்டே, பெருந்தன்மையோடு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.