பீப்பாயில் நல்லா ஓடின மோட்டார்

வள்ளத்து மோட்டார் திருத்தின ஆக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: கழுத்தளவு தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு தாகத்தில சாகிற பிறவி அது ஒண்டுதான். வள்ளத்தின்ர பின்பலகையில கொளுவிவிடுற அந்தச் சின்ன மோட்டார், அடியில ஒரு துவாரத்தால கடல் தண்ணியை உறிஞ்சி, சிலிண்டரைச் சுத்தி ஓடவிட்டு, பக்கத்தால தாரையாத் துப்பும். தாரை பலமா விழுந்தா மோட்டார் சுகம். மெலிஞ்சால் காய்ச்சல். நிண்டுபோச்சுதெண்டா உடனே நிப்பாட்டவேணும், இல்லாட்டி பிஸ்டன் இறுகிப்போம். இந்தத் தொழிலில கை சுட்டுக்கொண்ட உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். மற்ற ஆக்களுக்கு விளங்கும், ஆனா நோகாது.

நான் வேலை செய்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில, காசிம் நானாவின்ர பட்டறையில. வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டிக் கப்பலேறத் தொடங்கியிருந்த காலம்.

கையாலே காய்ச்சல் பார்த்தது

துரை ஒருவர் ஹெந்தளைக்கு அங்கால சதுப்பில கொக்குச் சுடப் போறவர். அவற்ற மோட்டார் கொதிக்குதெண்டு ரெண்டு பட்டறையில கழட்டிப் பூட்டியும் சரிவராமல் எங்களிட்ட வந்தது. நான் ஒரு ஆணியும் கழட்டேல்லை. பீப்பாய்த் தண்ணியில இறக்கி ஓடவிட்டு, மேலயும் கீழயும் கையை வைச்சுப் பாத்தனான். மேல நெருப்பு, கீழ பச்சைத்தண்ணி. தண்ணி மேல ஏறேல்லை எண்டது அவ்வளவிலேயே தெரிஞ்சுபோச்சு. சைக்கிள் கம்பியை வளைச்சு அடித்துவாரத்துக்குள்ள விட்டு இழுக்க, தண்ணியில மிதக்கிற ஆத்துவாழையின்ர வேர் ஒரு முழம் வந்தது. பிறகென்ன, தாரை எதிர்ச் சுவரில போய் அடிச்சுது.

அண்டைக்கு ஏறின தலைக்கனம் எனக்கு இறங்க நாளெடுத்தது. பீப்பாயில ஓடினால் எல்லாம் சரி எண்டு என்ர மனசில எழுதி வைச்சிட்டன். காசிம் நானாவும் முதுகில தட்டிச் சொன்னார்: "பீப்பாயில ஓடினா நம்மட வேல முடிஞ்சிச்சு தம்பி. கடலப் பாத்துக்கொள்ள அல்லா ஈக்கிறான்."

வீட்டைக் கண்டால் நிக்கிற மோட்டார்

சூசையும் சவரியாரும் ஹெந்தளையில மீன்பிடிக்கிற அண்ணன் தம்பி. கப்பலேறப் போன துரை ஒருத்தரிட்ட, இருந்த நகையெல்லாம் வித்து ஒரு பழைய மோட்டார் வாங்கியிருந்தவை. அதைச் சாக்கில சுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, பிள்ளையைக் கொண்டாற மாதிரிப் பட்டறைக்குக் கொண்டு வந்தினம். போகேக்க ஒரு குறையும் இல்லையாம். திரும்பி வரேக்க, கரை கிட்ட வாற நேரம்தான் கொதிச்சு நிக்குதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மோட்டாருக்குப் போறதும் வாறதும் தெரியுமோ?

இருந்தும் முழுக்கக் கழட்டினன். உப்புப் படை சுரண்டினன், பம்பைத் துடைச்சுப் பூட்டினன். பீப்பாயில அரை மணித்தியாலம் ஓடிச்சுது, தாரை கம்பி மாதிரி. கொண்டு போனவை, அடுத்த கிழமையே திரும்ப வந்தினம். அதுக்கும் பிறகு மூண்டாந்தரம் வரேக்க சவரியார் கேட்டான், ஒருக்கா வள்ளத்தில கூட வந்து பாருங்கோவன் எண்டு.

இப்ப உண்மையைச் சொல்லுறன். வள்ள மோட்டார் திருத்திற நான் அதுவரைக்கும் ஒரு வள்ளத்திலயும் கால் வைச்சதில்லை. எனக்குக் கடலெண்டால் பயம். வெள்ளவத்தையில கடலுக்கு முன்னால வாடகைவீடு, பின்னேரம் காத்து வாங்கப் போனாலும் சப்பாத்துக் கழட்டமாட்டன். அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. வெக்கப்பட்டவனுக்குக் கோபம் கெதியா வருமல்லோ, எண்ணெய் கலக்கத் தெரியாத ஆக்கள், மாடு மேய்க்கிற மாதிரி மோட்டார் ஓட்டினால் கொதிக்காமல் என்ன செய்யும் எண்டு ஏசிப்போட்டன். சவரியாரின்ர முகம் கறுத்துப்போச்சு. மூத்தவன் சூசை மட்டும் சிரிச்சுக்கொண்டு சொன்னான்: "மாடு கூட வீட்டைக் கண்டா ஓட்டமா ஓடும் பாஸ் ஐயா. இது வீட்டைக் கண்டாத்தான் நிக்குது."

நாலாந்தரம்

நாலாந்தரம் சவரியார் தனியத்தான் வந்தான். கடலைக் கொந்தளிக்க வைக்கிற சோளகக் காத்து தொடங்கியிருந்தது. கரைக்கு வெளியில, தண்ணிக்கடியில கிடக்கிற கல்லுப்பார் கிட்ட மோட்டார் நிண்டுபோச்சாம். வள்ளம் குறுக்க திரும்ப ஒரு திரை அடிச்சுப் பிரட்டிப் போட்டுது. ரெண்டு பேரும் வள்ளத்தின்ர முன்பக்கத்திலதான் இருந்தவையாம். இவன் வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டான். சூசையின்ர உடலை அடுத்த நாள் காலமைதான் கரையில கண்டெடுத்தது. மோட்டாரை விட்டிட்டு ரெண்டு பேருக்கும் முன்பக்கம் என்ன வேலை எண்டு நான் கேக்கேல்லை.

மோட்டாரை மேசையில வைச்சு, பழக்கத்தில கையை வைச்சன். குளிர்ந்து கிடந்தது. திறந்தால் பிஸ்டன் இறுகிக் கறுத்துப்போய்க் கிடக்கு, பம்பில ஒரு பிழையும் இல்லை. சவரியார் என்னை ஒரு சொல் ஏசேல்லை, ஏசியிருந்தால் ஆறுதலா இருந்திருக்கும். அண்ணன்ர மூண்டு பிள்ளையளுக்கும் தன்ர வீட்டுக்கும் இனி இந்த மோட்டாரிலதான் உலை கொதிக்கவேணும், எப்பிடியும் ஓட வைச்சுத் தாங்கோ எண்டு மட்டும் கேட்டான்.

ரெண்டு கிழமை எடுத்து, பிஸ்டன் தேடிப் போட்டு ஓட வைச்சன். பீப்பாயில நல்லாத்தான் ஓடிச்சுது. முதலும் அப்பிடித்தானே ஓடினது! அவன் சாக்கில சுத்தப் போக, நானும் வள்ளத்தில வாறன் எண்டு சொன்னன். அவன் என்னைப் பாத்தான், பிறகு என்ர காலைப் பாத்தான். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்க ஐயா. வள்ளத்துக்கு அது ஆகாது."

குருசு தெரியிற இடம்

போகேக்க கடல் ஒத்துக்கொள்ளாமல் நான் சத்தி எடுத்ததுதான் மிச்சம். மோட்டாருக்கு ஒண்டுமில்லை, தாரை பலமா விழுந்தது. சூசையின்ர இடத்தில அவையின்ர மச்சான் ஒருத்தன் வந்திருந்தான். மீனை முன்பக்கம் கொட்டிக்கொண்டு திரும்பினம். நான் நடுப்பலகையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, தாரையை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தன்.

தென்னைகளுக்கு மேலால மாதா கோயில் குருசு தெரிஞ்சுது. சவரியார் மோட்டார்க் கைபிடியைக் கயித்தால கட்டிப்போட்டு எழும்பினான். ரெண்டு பேரும் முன்பக்கம் போய், குருசைப் பாத்து முழங்காலில நிண்டு செபம் சொல்லத் தொடங்கினம். தகப்பன் காலத்துப் பழக்கமாம், உயிரோட கரையைக் காட்டினதுக்கு நன்றி. மீன் பாரத்தோட அவையின்ர பாரமும் சேர முன்பக்கம் தாழ்ந்தது, பின்பக்கம் கிளம்பினது. மோட்டாரின்ர அடித்துவாரம் ஒவ்வொரு திரைக்கும் தண்ணிக்கு மேல வந்து காத்தைக் குடிச்சுது. தாரை மெலிஞ்சுது. பிறகு நிண்டுபோச்சு.

நாலு காலில தவண்டு போய்க் கை வைச்சன். கொதிக்குது. நல்லகாலம் அண்டைக்குக் காத்து அடங்கிக் கிடந்தது, நிப்பாட்டினன். அந்த அமைதியில அவையின்ர செபம் கேட்டுது, சூசையின்ர ஆத்துமத்துக்கும் சேத்துத்தான் சொல்லிச்சினம். சூசையின்ர உயிர் போனதும் இந்த இடத்தில, இப்பிடி முழங்காலில நிக்கேக்கதான். கடவுளே, இதை நான் எப்பிடி இவனுக்குச் சொல்லுவன்? பின்பலகை மூண்டு விரல் உயரம் கூட, அவ்வளவுதான். முதல் கூப்பிட்ட நாளே வந்திருந்தால் ஒரு வாளால அறுத்து விட்டிருப்பன்.

சவரியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பின்னுக்கு வந்தான். பலகை உயரம், மோட்டார் காத்தைக் குடிக்குது, முதலே வந்து பாக்காதது என்ர பிழை எண்டு சொன்னன். அவன் கைபிடியில கட்டின கயித்தை அவிட்டான். பிறகு மெதுவாக் கேட்டான்: "அப்ப எங்கட செபத்துல ஒரு குறையும் இல்லைத்தானே, ஐயா?"

முன்பக்கப் பாரத்தைச் சொல்லாமல், ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லி, பலகையையும் மூண்டு விரல் அளவு அறுத்துக் குடுத்தன். பீப்பாயில நான் கண்டுபிடிச்ச நோயள் எத்தினையோ, கடலில கண்டுபிடிச்சது ஒண்டே ஒண்டு, அதையும் பாதிதான் சொன்னனான்.