மைனஸ் இரண்டு

மன்னவனூரில் அன்று காலை உறைபனி. உருளைச் செடி கருகுமா என்று சொல்ல, முன்பே மதுரையில் உட்கார்ந்து நான் சி மொழியில் எழுதி, இங்கே கொண்டுவந்திருந்த புரோகிராமுக்கு வெப்பநிலையை -2 என்று கொடுத்தேன். "அப்படி ஒரு ஆப்ஷன் கிடையாது" என்றது. கம்ப்யூட்டரைத் திட்டினேன்.

வானிலைக் கருவிகளைப் பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் சிரித்தார். எதைத் தொடுமுன்னும் கம்பளிக் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறவர்.

"அத ஏன் வையிறீங்க? முன்னால கோடு வந்தா உத்தரவுன்னு நீங்கதான பழக்குனீங்க? மதுரையில அது மைனஸ எங்க பாத்துச்சு?"

-2க்கு முன்னால் இரண்டு கோடு போட்டு, இடம் விட்டார். "இனிமே வர்றது உத்தரவு இல்ல, வெறும் சேதின்னு சொல்லியாச்சு."

உடனே எச்சரிக்கை வந்தது. வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளிக்க, தோட்டத்து ஆட்களோடு எல்லோரும் வயலுக்கு ஓடினோம். அவர் பெயரைக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது சுள்ளென்று பேசினால், மனசுக்குள் இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் கேட்கிறேன். பாதி நேரம் வெறும் சேதியாகத்தான் இருக்கிறது.