பெட்டிக்குள் நீலப் பஞ்சு

என் அக்காவைத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தானுக்குச் சொந்தமாக ஒரு பைபர் வள்ளம் உண்டு. நான் திருப்பூரில் மண்ணரையில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின்களின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று வீட்டில் எல்லாரும் கேட்டபோது, படிக்கட்டும் என்று சொன்ன ஒரே ஆள் அத்தான்தான்.

ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு வலது தோள் சரியில்லை. மணிக்கணக்காகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஒருநாள் போனில் கேட்டார்.

"பாப்பா, தானா சுக்கான் பிடிக்கிற மெஷின் வெளிநாட்டுப் போட்டுல எல்லாம் இருக்காம்லா. நம்ம வள்ளத்துக்கு நீ ஒண்ணு செஞ்சு தருவியா?"

"செஞ்சிரலாம் அத்தான். அது என்ன பெரிய விஷயம்" என்றேன்.

பெரிய விஷயம்தான். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது. கார் வைப்பர் மோட்டார் ஒன்றைச் சுக்கானோடு இணைத்துக்கொள்ள வேண்டும். திசைகாட்டும் சென்சார் ஒன்று வள்ளம் எந்தப் பக்கம் விலகுகிறது என்று சொல்லும். அதைக் கேட்டு மோட்டாரை இடமும் வலமும் திருப்புகிற கன்ட்ரோலர் போர்டைத்தான் நான் செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் முடித்தேன். பாட்டரியில் இருந்து வருகிற தடித்த வயர் இரண்டு, மோட்டாருக்குப் போகிற வயர் இரண்டு, சென்சாரின் மெல்லிய வயர்கள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம் வைத்தேன். போர்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் திருகி, மூடிக்கு ரப்பர் வளையம் போட்டேன். பார்ப்பதற்குக் கடையில் வாங்கியது போலவே இருந்தது. போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பெட்டியை எடுத்துப்போக அக்கா ஊர்க்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே கம்பெனி வாசலுக்கு வந்து, பஸ் போய்விடும் என்று போனில் அவசரப்படுத்தினார். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில் நின்றபடியே ரப்பரில் வாசலீன் தடவி, மூடியை வைத்து நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சோதிக்கவில்லை. சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, உப்புத்தண்ணி உள்ள போயிராதே?"

"தண்ணில முக்கிப் பார்த்துத்தான்க்கா அனுப்பியிருக்கேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். சொல்லும்போது பொய் சொல்வதாகக்கூடத் தோன்றவில்லை.

மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் கரையே தெரியாத இடத்தில், மோட்டார் சுக்கானை ஒரே பக்கமாகத் திருப்பி அப்படியே இறுக்கிக்கொண்டது. வள்ளம் வேகமாக வட்டம் போட ஆரம்பித்துவிட்டது. உடன் போனவர் தடுமாறி விளிம்பில் விழுந்து எப்படியோ பிடித்துக்கொண்டார். நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச்கூட நான் வைத்திருக்கவில்லை. அத்தான் மீன் வெட்டும் கத்தியை எடுத்துப் பாட்டரி வயர்களை ஒன்றாகச் சேர்த்து அறுத்தார். தீப்பொறி பறந்து உள்ளங்கை வெந்து பொத்துவிட்டது.

அக்கா போனில் கத்தினாள். "என்னட்டி செஞ்சு அனுப்புன? ரெண்டு உசிரு போயிருக்கும்!"

கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். "அத்தான் மூடியைத் திறந்தாரா?" என்று கேட்டேன்.

அவரிடம் போனைக் கொடுத்தாள். "திறக்கல பாப்பா" என்றார்.

"இல்ல அத்தான், திறந்திருப்பீங்க. நான் முக்கிப் பார்த்தது. திறக்காம தண்ணி போகவே போகாது."

"இருக்கும். கட்டையில வச்சு முடுக்கும்போது ஸ்க்ரூவைத் தொட்டிருப்பேன் போல" என்றார். பின்னால் அக்கா அவரைத் திட்டத் தொடங்குவது கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

பெட்டி பஸ் பார்சலில் திரும்பி வந்தது. கம்பெனியில் என் மேஜையில் வைத்துத் திறந்தேன். உள்ளே உப்பு பூத்திருந்தது. மோட்டாரை ஓட்டுகிற பாகம் கருகியிருந்தது. பக்கத்து மேஜை ஃபிட்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் காங்கேயத்துக்காரர், எங்கள் கம்பெனியில் ரொம்ப வருஷமாக இருப்பவர். ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் கிள்ளி எடுத்தார். வாசலீனில் சிக்கிய பஞ்சு, உள்ளிருந்து வெளியே வரை ஒரு திரி மாதிரி கிடந்தது.

"ஏங்கண்ணு, இந்த நீலம் போன மாசம் மூணாம் நம்பர் மெஷின்ல ஓடுன நூலாச்சே? கடல்ல ஏது கண்ணு நீலப் பஞ்சு?"

"நம்ம பஞ்சுதானுங்ணா" என்றேன். அந்தத் திரி வழியாகத்தான் தண்ணீர் உறிஞ்சப்பட்டு உள்ளே போயிருக்கிறது. நான் அத்தான்மேல் பழி போட்ட கதை எதுவும் அவருக்குத் தெரியாது. "மூடும்போது பார்த்திருக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் சொல்லவில்லை. புதுப் பெட்டி செய்கிறேன் என்று எனக்கே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். இந்த முறை பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், எட்டும் தூரத்தில் பெரிய சிவப்பு சுவிட்ச், தண்ணீர் வயரோடு வழிந்து வந்தாலும் உள்ளே ஏறாதபடி எல்லா வயர்களும் பெட்டியின் அடிப்பக்கமாக. மூடியை என் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு மூடினேன். நானே கொண்டுபோனேன்.

சோறு போட்டுக்கொண்டே அக்கா அவரிடம் சொன்னாள். "இந்தத் தடவையாவது கைய வச்சுக் கெடுக்காம இரும்."

அத்தான் தலையாட்டிவிட்டு மீனைப் பிய்த்தார். உள்ளங்கையில் தோல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அவர் திறக்கலக்கா" என்றேன். "நான்தான் சரியா மூடல. பஞ்சு சிக்கியிருந்துச்சு."

"முக்கிப் பார்த்தேன்னியே?"

"பார்க்கல."

அக்கா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். "நீங்க திறக்கலன்னு உங்களுக்குத் தெரியும்தானே? பெறவு ஏன் அத்தான் ஒத்துக்கிட்டீங்க? என்மேல கோவம் வரலையா?"

"கோவம் இல்லாம இருக்குமா? நெறையவே இருந்துச்சு" என்றார். "போன்ல உன்கூடச் சண்டை போட்டா, இனிமே செய்ய மாட்டேன்னுட்டா என்ன செய்ய? எனக்குப் பெட்டி வேணும்லா. தோள் வலி தாங்கல."

பெருந்தன்மையால் மன்னித்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இதற்கு அழவும் முடியவில்லை. அவருக்கு வேறு வழியில்லை என்பது தெரிந்துதான் அவர்மேல் பழியைப் போட்டிருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் வாளியில் தண்ணீர் பிடித்துப் பெட்டியை முக்கி, மேலே கல்லை வைத்து, மூன்று மணி நேரம் கழித்து அவர்கள் முன்னால் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. மறுநாள் அத்தானே வள்ளத்தில் மாட்டினார். இதுவரை ஒழுங்காக ஓடுகிறது. பக்கத்து வள்ளக்காரர்களிடம் என் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார் என்று கேள்வி.

நான் கிளம்பும்போது அக்கா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் தெரிந்ததும் கேட்டாள்.

"ஏட்டி, அவர் அன்னைக்குத் திரும்பி வராமப் போயிருந்தா? அப்பவும் அவர்தான் திறந்தாருன்னு சொல்லிருப்பியா?"

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.