எங்க கீது

“யாருப்பா இந்தக் கீது?” என்று ரெக்கார்டு கம்பெனி அதிகாரி கேட்டபோது, அவரும் என்னைப் போல ஒரு கிண்டல்காரர் என்று நம்பினேன். வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருவரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரிக்கிறோம் என்று வேறு நம்பித் தொலைத்தேன். மனிதர் டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழர், மெட்ராசுக்கு மாற்றலாகி வந்த புதிது என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் ஊரே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. மந்தைவெளியில் எங்கள் மொட்டைமாடியில் ராக் வாசித்துக்கொண்டிருந்த குழுவுக்கு, நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பாடகன் வந்து சேர்ந்தான். அதுவரை இங்கிலீஷ் பாட்டுகளைப் பாதி புரியாமல் பாடிக்கொண்டிருந்தோம். அவன் வந்ததும் வலை இழுக்கும் பாட்டும் சாவு மேளமும் எங்கள் கிதாருக்குள் புகுந்தன. அவன் அம்மா விடியும் முன்னே குடத்தோடு கிளம்பி, வெயில் ஏறிய பிறகு அதே காலிக் குடத்தோடு திரும்புவார். அதைத்தான் அவன் பாட்டாக்கினான். “கொயாயில தண்ணி எங்க கீது? கீது, கீது, எங்க கீது?” கேட்டால் வயிறு எரியும். எங்கள் முதல் எல்.பி. இசைத்தட்டுக்குத் தலைப்பே அந்தப் பாட்டுதான்.

அட்டை அச்சாகி வந்தது. பாவாடை தாவணியில் ஒரு பெண். இடுப்பில் ததும்பும் குடம், முகமெல்லாம் சிரிப்பு. மேலே பூங்கொடி போல வளைந்த எழுத்தில் ‘எங்க கீது’. அடியில் ‘காதல் கீதங்கள்’. எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்டால், எங்களுடைய கீது என்று ஒருத்தியைப் பெற்றுப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

கம்பெனி ஆபீஸ் இருந்த தி. நகருக்குப் பாடகனோடு போகும் பஸ்ஸில் என் கோபத்தை ஒத்திகை பார்த்தேன். ‘யோவ்’ என்று ஆரம்பிப்பதா, மேசையைத் தட்டிவிட்டு ஆரம்பிப்பதா. இறங்கும்போது மேசை என்று முடிவாகியிருந்தது. அதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக, “அட்டை ரொம்ப நல்லா இருக்கு சார்.”

பாடகன் என்னை முறைத்தான். “இன்னா நைனா, சண்ட போட வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?”

அட்டையை மேசைமேல் வைத்தான். “சார், இந்தப் பொண்ணு கொடத்துல தண்ணி கீது. எங்க புடிச்சுதுன்னு கேட்டுச் சொல்லு. நாளிக்கு எங்கம்மாவ அங்க அனுப்புறேன்.”

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீது என்றால் ‘இருக்கிறது’ என்று நான் திக்கித் திணறி விளக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படியா. ஆனா அட்டை அடிச்சாச்சே. பாட்டுலயும் தண்ணி வரது, படத்துலயும் குடம் இருக்கு, பொருந்திண்டுதானே இருக்கு? காதல்னா ஜனங்க வாங்குவா. தாகத்த யாரு காசு குடுத்து வாங்குவா?”

“நாங்கதான் சார் வாங்கிக்கினு கீறோம்,” என்றான் அவன்.

இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் செய்ததை விட்டுத் தள்ளலாம். தெரிந்த பிறகும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே. பாதி ஊரின் வாயில் புழங்கும் சொல்லைச் சொல்லாகவே மதிக்காத திமிர். ஒரு தாயின் காலிக் குடத்தை நிரப்பி, இளம்பெண்ணின் இடுப்பில் வைத்து, அவளைச் சிரிக்கவும் வைத்துக் கடையில் மாட்டுகிற திமிர்.

தட்டு அதே அட்டையோடு வெளிவந்தது. நன்றாகவே விற்றது. மேற்கு மாம்பலத்துக் கல்யாணங்களில் ஒலிபெருக்கியில் அதைப் போட்டார்கள்; மாப்பிள்ளையின் நண்பர்கள் மணப்பெண்ணைப் பார்த்துக் கூடவே பாடினார்கள். அவன் எங்களோடு பாடுவதை நிறுத்திவிட்டான். இரண்டாவது தட்டு வரவில்லை.