கடற்கரையில் எந்தப் பக்கம் ஓடுவது

அம்மாவைக் கோழிக்கோடு கடற்கரைக்குக் கூட்டிவர நான் மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். கடலின் அழகைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் இல்லை. ஒருமுறை கடலைப் பார்த்துவிட்டால், மழைக்காலத்தில் என்னோடு வந்து தங்கச் சம்மதிப்பாள் என்று ஒரு நப்பாசை.

அம்மா இடுக்கி மலையில், சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் தனியாக இருக்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் காய் எடுத்தவள். அப்பா போனபிறகும் அந்த ஒற்றை அறையை விடவில்லை. லயத்துக்குப் பின்னாலேயே மலை, சுவரை ஒட்டி நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழையில் அந்த மலையில் ஒரு துண்டு இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் அதை உருள்பொட்டல் என்பார்கள். மண்ணும் பாறையும் தண்ணீருமாக, மரங்களையும் சுருட்டிக்கொண்டு வரும். சத்தம் கேட்டதுமே அம்மா பக்கத்து அறைப் பிள்ளைகள் இரண்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு, சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் ஓடியிருக்கிறாள். மலையில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். கீழ்நோக்கி ஓடினால் அதுவும் கூடவே வரும். விலகித்தான் ஓட வேண்டும். மூவரும் தப்பித்தார்கள். லயத்தின் கடைசி இரண்டு அறைகளும் போய்விட்டன. நல்ல வேளையாக அன்றைக்கு அவற்றில் ஆள் இல்லை.

அதிலிருந்து மழை பெய்தால் அம்மா படுப்பதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். காலையில் போனில் கேட்டால், "இப்பத்தான் முழிச்சேன்" என்பாள், என்னவோ தூங்கி எழுந்தவள் மாதிரி. நான் கோழிக்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இடுக்கிக்கு மழை எச்சரிக்கை என்று செய்தி வந்தால் டூட்டியில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மூன்று மாதம் மட்டும் வந்து இரும்மா என்று கெஞ்சுவேன். அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"உன் வீட்டுல இருந்து கடல் எம்புட்டுத் தூரம்?"

"நடக்குற தூரந்தாம்மா."

"ஏன்டி, மலைத் தண்ணிக்குப் பயந்து கடல் தண்ணிக்குப் பக்கத்துல வந்து படுக்கச் சொல்றியே, உனக்குக் கூறு இருக்கா?"

கூறு இல்லைதான். போனை வைத்துவிட்டு அழுவேன், அப்புறம் அவளைத் திட்டுவேன்.

இந்த மே மாதம் முழங்கால் வலிக்கு எங்கள் டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லி அழைத்து வந்தேன். காட்டவும் செய்தேன், பொய் சொன்ன பாவம் வேண்டாமே. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாயங்காலம் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று கிளப்பினேன்.

கடற்கரையில் திருவிழாக் கூட்டம். கண்ணாடி ஜாடிகளில் மாங்காயும் நெல்லியும் அன்னாசியும் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. வானம் மூட்டமாக இருந்தும் பட்டம் விடுகிறவர்கள் நிறுத்தினபாடில்லை. ஏலக்காய் டீ என்று எழுதியிருந்த தள்ளுவண்டியில் ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"ஏலக்காயக் காட்டிட்டுத் திரும்ப எடுத்து வச்சுக்கிட்டான்."

கொஞ்சம் சிரித்தாள். சரி, தேறிவிடும் என்று நினைத்தேன். மணலில் இறங்கினோம்.

அப்போதுதான் அந்தப் பெரிய அலை வந்தது. ஓரத்துப் பாறைகளில் மோதி தொம்மென்று ஒரு சத்தம். காலடியில் மணல் அதிர்ந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால், பக்கத்தில் ஐஸ் தின்றுகொண்டிருந்த யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்தாள். ஓட ஆரம்பித்தாள்.

பக்கவாட்டில்!

கரையோடு கரையாக, தண்ணீருக்கு இணையாக, முழங்கால் வலிக்காரி எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். எவ்வளவு ஓடினாலும் கடல் அதே பத்தடியில் எங்கள் கூடவே வருகிறது. "அம்மா, நில்லும்மா!" என்று நான் கத்துகிறேன். பின்னால் அந்தக் குழந்தையின் தாய், "அய்யோ, என்றெ மோளே!" என்று அலறிக்கொண்டு வருகிறாள். பட்டம் விட்டவர்கள்கூட எங்களைத்தான் பார்த்தார்கள்.

கையை உதறி அம்மாவை நிறுத்தினேன். "மானத்த வாங்குறியே! இது மலையா?" என்று கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சொன்ன அந்த வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அம்மா குழந்தையின் கையை மெல்ல விட்டாள்.

அந்தத் தாயிடம் மலையாளத்தில் மன்னிப்புக் கேட்டு, எங்கள் ஊரையும் உருள்பொட்டலையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் பற்றிச் சொன்னேன். சண்டைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மே, இவிடெ இரிக்கூ" என்று படிக்கட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குழந்தைக்கோ பயமே இல்லை. அம்மாவின் சேலையைப் பிடித்து, "இனியும் ஓடாம்!" என்று மறுபடி ஓடக் கூப்பிட்டு இழுத்தது.

"இவ ஒருத்திக்குத்தான் என் அரும தெரியுது" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அவர்கள் போனபிறகும் நாங்கள் எழவில்லை. அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலை வந்தது, மணலை நனைத்தது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம் என்று நான் தொண்டையைச் செருமியபோது அவளே பேசினாள்.

"வந்த தண்ணி திரும்பிப் போகுதே."

"ஆமாம்மா."

"எங்கூர்ல வந்தது வந்ததுதான்."

தூறல் போட்டது. ஜனங்கள் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு கடைக் கூரைகளுக்கு அடியில் ஓடினார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

"பிள்ள, இங்கன ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்டு ஓடணும்?"

நாலு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒரு நாளும் அதை யோசித்ததில்லை. எழுந்து நின்று, கடலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டையும் அதற்கு அப்பால் கட்டடங்களையும் பார்த்தேன்.

"நேரா பின்னாலம்மா. ரோட்டத் தாண்டி, கிழக்க."

அவளும் எழுந்தாள். ரோட்டுக்கு எத்தனை படி, நடுவில் எங்கே தடுப்பு, எங்கே வழி என்று நிதானமாகப் பார்த்தாள். கையால் அந்தப் பக்கம் ஒருமுறை காட்டி, சரிதானா என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

"சரி. ஊருக்குப் போயி கோழிகள யாருகிட்டயாவது விட்டுட்டு, மழைக்கு முந்தி வந்துர்றேன்."