பிளேனில் வருகிற அத்தான்

எங்கள் தெருவில் பிளேன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவள் என் அக்காதான். கூடப்பிறந்தவள் அல்ல, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இரணியலிலிருந்து அஞ்சுகிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், 'தண்ணி' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'வெள்ளம்' என்று கேட்டுவிட்டு நான் விழித்தபோது, "ஏட்டி, நீ பேசுகியா, பாடுகியா?" என்று சிரித்து என்னைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவள். புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

அக்காவின் வீட்டுக்காரரான அத்தானுக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலேறி, ரயிலேறி, பஸ்ஸேறி, கசங்கிய சட்டையும் தகரப்பெட்டியுமாக வந்து இறங்குவார். சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் இருக்கும். கொழும்பிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "உங்க ஆளு இந்தத் தடவ பிளேன்லயாக்கும் வாறாரு. திருவனந்தபுரத்துல எறங்கி நேரே வீடு. முதலாளி டிக்கெட்டு எடுத்துக் குடுக்காராம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குப் போதாதா? கிணற்றடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், மோர் வாங்க வந்தவளைக்கூட விடவில்லை. ஆகாயத்தில் ஏதாவது இரைந்தால் முற்றத்துக்கு ஓடிக் கையசைப்பாள். நமக்கு அவரைத் தெரியாவிட்டாலும் மேலேயிருந்து அவருக்கு நம்மைத் தெரியும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நானும் கூட நின்று கையசைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே சாயக்கடை, அதாவது டீக்கடை. அங்கே ஒருவர் பத்திரிகை வாசித்தால் எங்கள் அடுக்களைவரை கேட்கும். கொழும்பிலிருந்து கிளம்பிய பிளேன் திருவனந்தபுரம் போய்ச் சேரவில்லை, எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்று ஒருநாள் காலையில் வாசித்தார்கள். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. பூ முழுக்கத் தீர்ந்து சிரட்டை தெரிந்த பிறகும் திருவினாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரர் கொழும்புக்குத் தந்தி கொடுத்தார். பிளேன் பிடிக்கப் போகிறேன் என்று அது கிளம்பிய நாள் காலையிலேயே கடையை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று முதலாளியிடமிருந்து பதில் வந்தது. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முட்டத்துக்காரர்கள் கலங்கரை விளக்குக்கு அப்பால் நடுக்கடலில் தீ எரியக் கண்டார்கள் என்றது ஒரு கட்சி. கடலில் விழுந்திருந்தால் ஒரு பலகையாவது கரை ஒதுங்காதா, மலையில்தான் விழுந்தது என்றது மறு கட்சி. "அனுமார் கையிலேருந்து ஒரு மலையே விழுந்து இந்தா மருந்துவாழ் மலையாக் கெடக்கு. ஒரு பிளேன் விழப்படாதா?" என்று ஒருவர் கேட்டார். அப்படி அங்கே விழுந்திருந்தால் சாக வழியில்லை, சஞ்சீவி மூலிகை கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். என் வீட்டுக்காரர் மலையடிவாரத்தைச் சுற்றிவிட்டு, முட்டத்துக்கும் போய்க் கரையில் இருந்தவர்களிடம் கேட்டார். தீயைக் கண்டது அஞ்சுகிராமத்துக்காரர்கள் என்றல்லவா நாங்கள் கேள்விப்பட்டோம் என்று அவர்கள் சொன்னார்களாம்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். உடல் கிடைக்காவிட்டால் என்ன, தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடிக்கலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். காரியம் முடிந்தால் அக்காவின் தாலியைக் கழற்ற வேண்டும், பூவையும் குங்குமத்தையும் விட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது. மாமியார்தான் பேசினார். மாமனார் இறந்த நாளிலிருந்து வெள்ளைச் சேலையில் மூலையில் இருந்தவர், அதிகம் பேசாதவர். "எம்மவன் இன்னும் வரல்ல. அவ்வளவுதான். வராதவனுக்கு என்ன காரியம்?" என்றார். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் தெரு தயங்கியது. தோவாளையிலிருந்து வரும் பூக்காரி எங்கள் வாசலில் குரல் கொடுக்காமல் நடையை எட்டிப் போட்டாள். அக்கா பின்னாலேயே ஓடி, "என்னட்டி, எங்க வீட்டுல தல இல்லியா?" என்று வழக்கத்தைவிட ஒரு முழம் கூட வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து, அதைத் தலையில் வைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. அத்தான் பிளேனில் ஏறவேயில்லையாம். கொழும்பில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறதாம், ஊரைத் தலைமுழுக நல்ல சாக்குக் கிடைத்ததென்று அங்கேயே இருந்துவிட்டாராம். இது சாயக்கடைக்காரரின் வாயிலிருந்தே கிளம்பியது. எனக்கு எரிந்தது. துடைப்பத்தோடு வாசலைத் தாண்டிவிட்டேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

"இருக்கட்டும் ஏட்டி. இன்னொருத்தி கூடவாவது இருக்கட்டும். நல்லாச் சோறு தின்னுக்கிட்டு இருக்கட்டும்."

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

அடுத்த தையில் பக்கத்து வீட்டில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி ஏறும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட வேண்டும். ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். தொடங்குகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அது என்றைக்கும் அக்காதான், அவள் குரவை பஸ் நிறுத்தம்வரை கேட்கும். பெண்ணின் தாயார் குங்குமச் செப்போடு அழைக்க வந்தார். எனக்கு வைத்தார். அக்காவுக்கு முன்னால் விரல் அந்தரத்தில் நின்றது. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"என்ன, எங்க வீட்டு மூத்தவளுக்கு நெத்தி இல்லியா?"

அந்த அம்மாள் அழுதுவிட்டார். அழுதபடியே அக்காவின் நெற்றியில் பெரிதாக வைத்து, "நீ தொடங்கலேன்னா எம்மவ கழுத்துல தாலி ஏறாது, மக்கா" என்றார். நல்ல பெண்மணி. அன்றுவரை அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முகூர்த்தத்தில் அக்காவுக்கு முதல் குரவை தொண்டையிலேயே உடைந்தது. பந்தல் மூச்சுவிடாமல் காத்திருந்தது. இரண்டாவது எழும்பியது. தெருவே ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு யாரும் காரியத்தைப் பற்றிப் பேசவில்லை. சாயக்கடைக்காரர் மட்டும் அவ்வப்போது எங்கள் அடுக்களைக்குக் கேட்கும்படி, பர்மாக் காட்டில் ஒரு பிளேன் இறங்கி ஆட்கள் பிழைத்துக் கிடக்கிறார்களாம், அந்தமானுக்குப் பக்கத்துத் தீவில் தமிழ் பேசும் ஒருவரைக் கண்டார்களாம் என்று வாசிப்பார். பத்திரிகைகள் அந்தப் பிளேனை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்தது வடை மடிக்கிற பழைய தாள் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர்மேல் எனக்கிருந்த கோபம் எப்போது போனதென்று சொல்லத் தெரியவில்லை.

அமாவாசைதோறும் மாமியார் மாமனாரை நினைத்துக் கொல்லைச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைப்பார். ஒருமுறை தண்ணீர்ச் செம்பை மறந்து போய்விட்டாரே என்று எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வாழையிலைத் துண்டில் இரண்டு உருண்டைகள் இருந்தன. இரண்டாவதின்மேல் வாழைக்காய்த் துவட்டல். மாமனார் வாழைக்காயைத் தொடமாட்டார் என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அத்தானுக்குப் பிடித்தது. மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"மூத்தவகிட்டச் சொல்லாத, மக்கா."

சொல்லவில்லை. அமாவாசையன்று அக்கா கொல்லைப்பக்கம் போகாதபடி ஏதாவது வேலை சொல்லி அவளை அடுக்களையில் நிறுத்துவதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தாலுக்காக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னையோடு சேர்ந்த வருஷம் அது. மாமியாருக்குக் கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. அமாவாசைச் சோற்றை அக்கா எடுத்தாள். "நான் வைக்கேன் அக்கா" என்று ஓடினேன். "நீ அடுப்பப் பாரு" என்று போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் உருண்டையை வைத்தாள். இரண்டாவது உருண்டையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்து, மடியிலிருந்து ஒரு இலைப்பொட்டலத்தைப் பிரித்து வாழைக்காய்த் துவட்டலை எடுத்து அதன்மேல் வைத்தாள். கா, கா என்று கூப்பிட்டாள்.

காக்காய் எடுத்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். காலையில் நான் வைத்துவிட்ட பூ தலையில் இருந்தது. வியர்வையில் கலைந்த குங்குமத்தைச் சரிசெய்துகொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தைகிட்டச் சொல்லாத, ஏட்டி. அவுங்க தாங்க மாட்டாங்க."